சனிக்கிழமை ஷிப்ட் அறிவிப்பும் அதற்குப் பிறகு நான் கற்றவையும்

2007-ல் ஜெர்மனியில் ஒரு கார் உதிரிபாக ஆலைக்கு உற்பத்தி மேலாளராகப் போய்ச் சேர்ந்தேன். அதற்கு முன் 11 ஆண்டுகள் இந்தியாவில் இதே வேலை. மூன்று ஊதிய ஒப்பந்தங்களுக்கு நிர்வாகத் தரப்பில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். கேட் மீட்டிங், கறுப்பு பேட்ஜ், உள்ளிருப்பு எல்லாம் பார்த்தாகிவிட்டது. தொழிற்சங்கம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையோடுதான் விமானம் ஏறினேன்.

ஆறாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. வாடிக்கையாளர் கூடுதலாக ஒரு லோடு கேட்டார். சனிக்கிழமை காலை ஒரு ஷிப்ட் ஓட்டினால் கொடுத்துவிடலாம். லைனில் இருந்தவர்களிடம் நேரில் போய்க் கேட்டேன். மிகைநேரக் கூலி கிடைக்கும் என்பதால் 26 பேரும் சந்தோஷமாகவே சரி என்றார்கள். மதியம் அறிவிப்புப் பலகையில் தாளை ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, ஆலையில் வேலை செய்பவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பணியாளர் மன்றத்தின் தலைவி என் அறைக்கு வந்தார். கையில் ஒரு சிறிய சட்டப் புத்தகம். பக்கங்களுக்கு நடுவே மஞ்சள் சீட்டுகள் துருத்திக்கொண்டிருந்தன. 87-ஆம் பிரிவைப் பிரித்து, எனக்குப் படிக்க வசதியாகத் திருப்பி மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நின்றார்.

"ஆட்கள் எல்லாரும் சம்மதித்துவிட்டார்களே" என்றேன்.

"அவர்கள் சம்மதம் மட்டும் போதாது. மன்றத்தின் சம்மதமும் வேண்டும். நான்கு மணிக்குள் தாளை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாளைக் காலை தொழிலாளர் நீதிமன்றத்தில் தடை கேட்போம்."

குரலில் கோபமே இல்லை. இந்தியாவில் எனக்குப் பழக்கமான சண்டையின் வாசனையே அதில் இல்லை. அதுதான் என்னைக் குழப்பியது. தாளை எடுத்தேன். மறுநாள் காலை ஏழரை மணிக்கு மன்றம் அவசரமாகக் கூடியது. பட்டியலில் 18 வயது நிரம்பாத பயிற்சியாளர்கள் இருவர் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அவர்களை எடுக்கச் சொன்னார்கள். தொடர்ந்து இரண்டு சனிக்கிழமை வந்திருந்த ஒருவருக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் கையெழுத்தாகிவிட்டது. சனிக்கிழமை ஷிப்ட் ஓடியது, லோடும் போனது. வியாழக்கிழமை காலையிலேயே நான் அவர் அறைக்கு நடந்து போயிருந்தால் இந்தப் பத்து நிமிடம்தான் செலவாகியிருக்கும்.

அதற்குப் பிறகு அமெரிக்காவில் சில ஆண்டுகள் இருந்தேன். ஸ்வீடன், பிரான்ஸ், ஜப்பான் ஆலைகளோடும் வேலை செய்தேன். எல்லா இடத்திலும் சங்கம் என்ற அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் அமைப்பு நாட்டுக்கு நாடு வேறு. ஒரு நாட்டில் கற்ற பழக்கத்தை அடுத்த நாட்டுக்குச் சுமந்து போகும் மேலாளர்களால் நிறுவனங்களுக்கு எவ்வளவு நஷ்டம் வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த மேலாளர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஜெர்மனியில் எனக்குப் புரியாமல் போனது, அங்கே இரண்டு தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன என்பது. ஒன்று ஆலைக்கு வெளியே இருக்கும் தொழிற்சங்கம். எங்கள் துறைக்கு ஐ.ஜி. மெட்டால், சுமார் 20 லட்சம் உறுப்பினர்களைக் கொண்டது. சம்பளம், வார வேலை நேரம், விடுமுறை நாட்கள் இவற்றை அது முதலாளிகள் கூட்டமைப்போடு வட்டார அளவில் துறை முழுவதற்குமாகப் பேசி முடிக்கும். வேலைநிறுத்தம் செய்யும் உரிமை அதற்குத்தான். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்தில், அதில் முடிவான விஷயங்களுக்காக அதுவும் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது.

இன்னொன்று ஆலைக்குள் இருக்கும் மன்றம். பெட்ரீப்ஸ்ராட் என்பார்கள். சங்கத்தில் சேர்ந்தவர், சேராதவர் எல்லாரும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது. ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில்கூட ஆட்கள் விரும்பினால் அமைக்கலாம். 1952-ல் வந்து 1972-ல் விரிவாக்கப்பட்ட சட்டம் இது. மன்றம் வேலைநிறுத்தம் செய்யவே முடியாது. அதற்குப் பதிலாக மிகைநேரம், ஷிப்ட் அட்டவணை, விடுப்புத் திட்டம், ஆட்களைக் கண்காணிக்கக்கூடிய எந்தக் கருவி என்றாலும் மன்றத்தின் சம்மதம் இல்லாமல் நிர்வாகம் செய்ய முடியாது. ஒத்துப்போகவில்லை என்றால் நடுவர் தலைமையில் ஒரு சமரசக் குழு உட்கார்ந்து முடிவு சொல்லும். அந்தச் செலவு நிறுவனத்தின் தலையில். 200 பேர் வேலை செய்யும் இடம் என்றால் மன்ற உறுப்பினர் ஒருவர் முழுநேரமும் அந்த வேலையைத்தான் பார்ப்பார். சம்பளம் நிறுவனம் தரும்.

இதில் நிறுவனத்துக்கு என்ன லாபம் என்று ஆரம்பத்தில் எனக்குத் தோன்றவில்லை. போகப் போகத் தெரிந்தது. சம்பளப் பேச்சு ஆலைக்கு வெளியே நடந்துவிடுவதால் ஆலைக்குள் எங்களுக்கும் ஆட்களுக்கும் நடுவில் பணம் நிற்பதில்லை. பக்கத்து நிறுவனமும் ஏறக்குறைய அதே கூலியைத்தான் கொடுக்கிறது. அதனால் கூலியைக் குறைத்துப் போட்டி போட முடியாது, வேலை முறையை மேம்படுத்தித்தான் போட்டி போட வேண்டும். உள்ளே பேசுவதெல்லாம் இயந்திரம், ஷிப்ட், பயிற்சி பற்றித்தான்.

மன்றத்தைத் தாண்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதையும் அனுபவித்தேன். அடிக்கடி சொல்லாமல் வராமல் போன ஒருவருக்கு, எச்சரிக்கைக் கடிதங்கள் எல்லாம் முறையாகக் கொடுத்த பிறகு, வேலைநீக்கக் கடிதம் அனுப்பினேன். காரணம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் 102-ஆம் பிரிவின்படி, அனுப்புவதற்கு முன் மன்றத்திடம் காரணத்தைச் சொல்லி, ஒரு வாரம் வரை அவர்கள் கருத்துக்குக் காத்திருக்க வேண்டும். மன்றம் வேண்டாம் என்று சொன்னாலும் அனுப்பலாம். கேட்காமல் அனுப்பினால் மட்டும் கடிதமே செல்லாது. நான் கேட்கவில்லை. அந்த மனிதர் திரும்ப வந்து, பின் சம்பளமும் வாங்கிக்கொண்டு லைனில் நின்றார். அன்றிலிருந்து எந்தத் திட்டத்துக்கு நாள் குறித்தாலும் மன்றத்தோடு பேசுவதற்கான வாரங்களை முதலிலேயே அட்டவணையில் எழுதிவிடுவேன். இயந்திரம் வந்து இறங்க எத்தனை நாள் என்று கணக்குப் போடுவதுபோல இதையும் போட வேண்டும். ஐரோப்பாவில் திட்டங்கள் தாமதமாகின்றன என்று புலம்பும் பலர் இந்த ஒரு வரியை அட்டவணையில் விட்டிருப்பார்கள்.

இதைவிட எனக்கு ஆழமாகப் பதிந்தது 2009. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் ஆர்டர்கள் பாதியாக விழுந்தன. ஆட்குறைப்புப் பட்டியல் தயாரிக்கத் தலைமையகத்திலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. பட்டியலை எழுதத் தொடங்கிய அன்றே மன்றத் தலைவி ஒரு தாளோடு வந்தார். வேலைநேரத்தைக் குறைத்துக்கொள்ளும் குர்ட்ஸார்பைட் திட்டம். எல்லாரும் குறைந்த நேரம் வேலை செய்வது, இழக்கும் நிகரச் சம்பளத்தில் 60 விழுக்காட்டை, பிள்ளை உள்ளவர் என்றால் 67 விழுக்காட்டை அரசின் வேலைவாய்ப்பு முகமை மூலம் ஈடுசெய்வது. எந்தப் பிரிவில் எத்தனை மணி நேரம் குறைக்கலாம் என்று அவரே கணக்குப் போட்டு வந்திருந்தார். மெருகேற்றும் பிரிவைத் தொடாதீர்கள், அங்கே இருக்கும் ஒன்பது பேர் போய்விட்டால் திரும்ப உருவாக்க இரண்டு வருடம் ஆகும் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார். உண்மையைச் சொல்கிறேன், என் பட்டியலில் அந்த ஒன்பது பேரில் நான்கு பேர் இருந்தார்கள்.

அந்த ஆண்டு மே மாதம் ஜெர்மனி முழுக்கச் சுமார் 14 லட்சம் பேர் இப்படிக் குறைந்த நேரத்தில் இருந்தார்கள். நாட்டின் உற்பத்தி 5 விழுக்காட்டுக்கு மேல் சரிந்த ஆண்டில் வேலையின்மை கொஞ்சம்தான் ஏறியது. 2010 வசந்தத்தில் ஆர்டர்கள் திரும்பியபோது இரண்டு வாரத்தில் நாங்கள் முழு வேகத்துக்கு வந்துவிட்டோம். ஆட்களில் மூன்றில் ஒரு பங்கை அனுப்பிவிட்டிருந்த எங்கள் குழுமத்தின் வேறொரு நாட்டு ஆலை, புதிதாக ஆள் எடுத்துப் பயிற்சி கொடுத்துத் தரம் சரிக்கட்ட எட்டு மாதம் தவித்தது. அவர்களுடைய ஆர்டரில் ஒரு பகுதி எங்களிடம் வந்தது. அந்தப் பென்சில் குறிப்பை நான் இன்றும் நினைத்துக்கொள்வேன்.

இப்போது, நான் புறப்பட்டு வந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தியச் சட்டத்தின் குணத்தைப் புரிந்துகொள்ள 1918-க்குப் போக வேண்டும். பி. பி. வாடியா, திரு.வி.க. போன்றோர் முன்நின்று நடத்திய சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த ஆண்டு ஏப்ரலில் தொடங்கியது. 1920-ல் ஏற்பட்ட தகராறில், ஆட்களை வேலைக்குத் திரும்பவிடாமல் தூண்டினார்கள் என்று சொல்லி, சென்னையில் பஞ்சாலை நடத்திய பின்னி நிறுவனம் வழக்குப் போட்டு, சங்கத் தலைவர்களுக்கு எதிராக உயர்நீதிமன்றத்தில் தடை வாங்கியது. சங்கம் நடத்துவதே குற்றமாகிவிடும் நிலை. அந்த அதிர்ச்சியில் எழுந்த கோரிக்கைதான் 1926-ல் தொழிற்சங்கச் சட்டமாக வந்தது. பதிவு பெற்ற சங்கத்துக்கு இப்படிப்பட்ட வழக்குகளிலிருந்து அது பாதுகாப்பு கொடுத்தது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம் என்றது. ஆனால் எந்தச் சங்கத்தோடு பேசியாக வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரே ஆலையில் மூன்று சங்கங்கள் முளைப்பதும், யாரோடு பேசுவது என்பதே முதல் சண்டையாவதும் இதனால்தான். 2001-ல் பதிவுக்கான எண்ணிக்கையைக் கூட்டினார்கள். 2020-ல் நிறைவேறிய தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் 51 விழுக்காடு ஆதரவு உள்ள சங்கமே தனியாகப் பேசும் என்றும், எந்தத் தொழிலிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றும் சொல்கிறது.

இந்தியாவில் நான் இருந்த ஆலையிலும் மூன்று சங்கங்கள். பெரிய சங்கத்தோடு மட்டும் உட்கார்ந்து பேசி 18(1) ஒப்பந்தம் போட்டோம். வேலை சீக்கிரம் முடிந்தது என்று மகிழ்ந்தோம். அப்போது நடப்பில் இருந்த தொழில் தகராறு சட்டத்தில் 18(1) என்பது கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான் கட்டியது. சமரச அதிகாரி முன்னால் போடும் 12(3) ஒப்பந்தம்தான் எல்லாத் தொழிலாளரையும், நாளை வேலைக்குச் சேரப்போகிறவரையும்கூடக் கட்டியது. மற்ற இரண்டு சங்கங்களும் புதிய உற்பத்தி இலக்கு எங்களுக்குப் பொருந்தாது என்று நின்றுகொண்டன. ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவருக்கு இரண்டு இலக்கு. ஐந்து மாதம் அப்படியே போனது. தொழிலாளர் துறையில் போய் உட்காருவது நேர விரயம் என்று நினைக்கும் இளம் மேலாளர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். எந்த நாடாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இந்தக் கையெழுத்து யாரைக் கட்டும் என்பதுதான்.

அங்கே நடந்த இன்னொன்றும் மறக்கவில்லை. வருகைப் பதிவு இயந்திரம் சில நிமிடத் தாமதத்தையும் அரை மணியாகக் கணக்கிட்டுக் கூலியைப் பிடிக்கும். ஒருநாள் நிறுவனத்தின் பேருந்தே வழியில் பழுதாகி 12 நிமிடம் தாமதமானது. 40 பேருக்கு அரை மணிக் கூலி போனது. கேட்டவர்களிடம் ஷிப்ட் பொறுப்பாளர் ரூல் ரூல்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் இரண்டு ஷிப்ட் வேலை நின்றது. கோரிக்கை மனுவில் முதல் கோரிக்கை ஊதிய உயர்வு. அந்த அரை மணி ஒன்பதாவது இடத்தில் இருந்தது. நிர்வாகத்தில் யாரும் ஒன்பதாவது வரை படிக்கவில்லை, நானும்தான். மூன்று நாள் ஊதிய உயர்வைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

2013-ல் அமெரிக்காவின் தென்பகுதிக்கு மாற்றலானேன். சங்கம் இல்லாத ஆலை. ஜெர்மனியில் ஆறு ஆண்டு இருந்துவிட்டு வந்ததால், ஆட்களோடு பேச ஒரு மன்றம் கட்டாயம் வேண்டும் என்று மனப்பூர்வமாக நம்பினேன். எட்டுப் பேர் கொண்ட குழு, மாதம் ஒரு கூட்டம், ஷிப்ட், மிகைநேரம், ஊதியப் படிநிலை பற்றி யோசனை சொல்வார்கள் என்று ஒரு பக்கம் எழுதி, பெயர்களையும் குறித்து, நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் காட்டினேன்.

"இந்த எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தது யார்?" என்று கேட்டார்.

"நான்தான்."

"கூட்டம் நடக்கும் நேரத்துக்குச் சம்பளம்?"

"நிறுவனம் தரும்."

தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். "இது சட்டவிரோதம். யாரிடமும் காட்ட வேண்டாம்."

எனக்கு நம்பவே முடியவில்லை. ஒரு நாட்டில் சட்டம் கட்டாயமாகத் தந்திருக்கும் பலம், இங்கே சட்ட மீறல். காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1930-களுக்கு முன் அமெரிக்க முதலாளிகள் உண்மையான சங்கம் வராமல் தடுக்கத் தாங்களே பொம்மைச் சங்கங்களை உருவாக்கி வைத்திருந்தார்கள். அதனால் 1935-ன் வாக்னர் சட்டம், முதலாளி நடத்தும் அல்லது பணம் கொடுக்கும் தொழிலாளர் அமைப்பு எதுவும் கூடாது என்று தடை போட்டது. 1992-ல் எலெக்ட்ரோமேஷன் நிறுவனத்தின் வழக்கில், ஆட்களைக் கொண்டு நிர்வாகம் அமைத்த செயல் குழுக்கள் இந்தத் தடைக்குள் வரும் என்று தேசிய தொழிலாளர் உறவு வாரியம் தீர்ப்பளித்திருக்கிறது.

நான் அங்கே இருந்தபோதே இதன் பெரிய உதாரணம் டென்னசியில் நடந்தது. சட்டனூகாவில் வோல்க்ஸ்வாகன் தன் ஆலையில் ஜெர்மன் பாணி மன்றம் வைக்க விரும்பியது. சுதந்திரமான சங்கம் ஒன்று முதலில் வராமல் அது சட்டப்படி முடியாது. 2014 பிப்ரவரியில், அமெரிக்க வாகனத் தொழிலாளர்களின் யு.ஏ.டபிள்யூ. சங்கம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு. 712-க்கு 626 என்று தோற்றது. 2019-லும் தோற்றது. 2024 ஏப்ரலில் 2,628 பேர் ஆதரவாகவும் 985 பேர் எதிராகவும் வாக்களிக்க, சங்கம் உள்ளே வந்தது.

அமெரிக்க முறையில் எல்லாமே ஓர் ஆலைக்கான ஒரே தேர்தலில் தொங்குகிறது. 30 விழுக்காட்டினர் கையெழுத்துப் போட்டால் தேர்தல் கேட்கலாம். வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் கிடைத்தால் அந்தச் சங்கம் அந்தப் பிரிவின் எல்லாருக்கும் ஒரே குரல். ஒரு வாக்கு குறைந்தால் ஒன்றுமே இல்லை. இதனால் தேர்தல் காலம் போர்க்காலம்போல ஆகிவிடுகிறது. தனியார் துறையில் 6 விழுக்காட்டினர்தான் சங்கத்தில் இருக்கிறார்கள். அதை நிர்வாகத்தின் வெற்றியாக நினைக்கும் சக ஊழியர்களோடு நான் பலமுறை வாதாடியிருக்கிறேன். மனக்குறையைச் சொல்ல இடைநிலையில் ஒரு வழியே இல்லாமல் போவது தொழிலாளிக்கும் கேடு, ஆலைக்கும் கேடு. குறைகள் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் கையெழுத்து இயக்கமாகத்தான் நிர்வாகத்தின் கண்ணில் படுகின்றன.

அங்கே போகும் மேலாளருக்கு நான் சொல்வது நான்கு. தேர்தல் பேச்சு எழுந்துவிட்டால் மிரட்டாதே, யார் சங்கத்தை ஆதரிக்கிறார்கள் என்று துருவாதே, சங்கம் வராவிட்டால் இதைச் செய்கிறேன் என்று வாக்குக் கொடுக்காதே, வேவு பார்க்காதே. இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு மூன்றாவதுதான் ஆபத்து. சமாதானப்படுத்துவதாக நினைத்து, பிரச்சினையை முடித்துத் தருகிறேன் என்று நல்லெண்ணத்தில் சொல்லிவிடுவோம். அந்த நேரத்தில் அது சட்ட மீறல். எல்லாவற்றுக்கும் மேலாக ஷிப்ட் பொறுப்பாளர்களுக்குப் பயிற்சி வேண்டும். அவர்கள் வாயிலிருந்து வரும் சொல் சட்டத்தின் கண்ணில் நிறுவனத்தின் சொல்.

மற்ற நாடுகளில் நான் நிரந்தரமாக இருந்ததில்லை. பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஸ்வீடனில் எங்களுக்கு 14 பேர் வேலை செய்யும் ஒரு கிடங்கு. எத்தனை பேர் சங்க உறுப்பினர் என்று கேட்டேன். அங்கிருந்த சக ஊழியர், அது முக்கியமில்லை, கூட்டு ஒப்பந்தத்தில் நாம் கையெழுத்துப் போட்டுவிட்டோமா என்று பாருங்கள் என்றார். அங்கே குறைந்தபட்சக் கூலிச் சட்டமே கிடையாது. 1938-ல் சால்ட்ஷேபாடனில் முதலாளிகள் கூட்டமைப்பும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட உடன்படிக்கை காலத்திலிருந்து, அரசு தலையிடாமல் இரு தரப்பும் தாங்களே ஒப்பந்தத்தால் தொழிலை நடத்திக்கொள்வது வழக்கம். ஏறக்குறைய 10-ல் 9 பேருக்கு ஒப்பந்தம் பொருந்துகிறது. கையெழுத்துப் போடாத நிறுவனத்துக்கு என்ன ஆகும் என்பதை 2023 அக்டோபர் முதல் டெஸ்லா அங்கே பார்த்தது. ஐ.எஃப். மெட்டால் சங்கத்தின் மெக்கானிக்குகள் வேலைநிறுத்தம் செய்ய, துறைமுகத் தொழிலாளர்கள் அந்தக் கார்களை இறக்க மறுத்தார்கள், தபால் ஊழியர்கள் நம்பர் பிளேட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்க மறுத்தார்கள். அனுதாப வேலைநிறுத்தம் அங்கே சட்டப்படி சரியானது. ஸ்வீடனில் கடை திறக்கும் நிறுவனம் தன் ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து இடரை அளந்தால் தப்புக்கணக்காகிவிடும். துறைமுகம், மின்சாரம், தபால் எல்லாம் கணக்கில் வர வேண்டும். முன்னறிவிப்பு ஏழு வேலை நாள் உண்டு, அதற்குள் பேசிவிடலாம்.

பிரான்சில் அந்த ஏழு நாளும் கிடையாது. தனியார் துறையில் கோரிக்கை இன்னதென்று நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தால் போதும், முன்னறிவிப்பு இல்லாமலே வேலையை நிறுத்தலாம். வேலைநிறுத்தம் அங்கே ஒவ்வொரு தொழிலாளியின் அரசியல் சாசன உரிமை, சங்கத்தின் சொத்து அல்ல. எங்கள் பேக்கிங் பிரிவில் ஷிப்ட் மாறும் வேளையில் 55 நிமிடம் நிறுத்தினார்கள். கூலி இழப்பு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, லாரி தவறியதால் எங்களுக்கு ஒரு நாள் போனது. அவர்கள் இடத்துக்குத் தற்காலிக ஆட்களை எடுப்பதும் சட்டப்படி கூடாது. பத்தில் ஒருவர்தான் அங்கே சங்க உறுப்பினர். ஆனால் துறை ஒப்பந்தங்களை அரசு எல்லாருக்கும் நீட்டிவிடுவதால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஒப்பந்தத்துக்குள் வருகிறார்கள். பிரான்ஸ் ஆலைக்கு நான் கற்றுக்கொண்ட ஒரே வழி, முடிந்த சரக்கை ஒன்றரை நாள் கையிருப்பாக வைத்துக்கொள்வதும், பொறுப்பாளர் தினமும் லைனில் நடந்து காதைத் திறந்து வைத்திருப்பதும்தான்.

ஜப்பானில் சங்கத்தில் இருப்பவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர். ஜெர்மனியிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இரண்டும் ஒன்றுபோல இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். ஜப்பானில் ஒரு நிறுவனத்துக்கு ஒரு சங்கம், அலுவலகத்தில் இருப்பவரும் இயந்திரத்தில் நிற்பவரும் அதே சங்கத்தில். பிரிவுத் தலைவர் பதவிக்கு உயர்ந்ததும் பொதுவாகச் சங்கத்திலிருந்து வெளியே வந்துவிடுவார்கள். நான் போன ஆலையின் மனிதவளத் தலைவர், பல ஆண்டுகளுக்கு முன் அதே ஆலையின் சங்கச் செயலாளர். 1955-ல் தொடங்கிய வசந்தகால ஊதியப் பேச்சுவார்த்தை ஒவ்வோர் ஆண்டும் நடக்கும். பெரிய நிறுவனங்கள் மார்ச் மாதத்தில் ஏறக்குறைய ஒரே நாளில் பதில் சொல்லும். இந்த அமைதி முன்னோர் சொத்தாக வந்தது இல்லை. 1950-ல் டொயோட்டாவில் ஆட்குறைப்பை எதிர்த்துக் கடுமையான போராட்டம் நடந்து, தலைவர் கீச்சிரோ டொயோடா பதவி விலகினார். இரு தரப்பும் ஒத்துழைப்போம் என்ற கூட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட 1962 ஆனது. ஜப்பானிய நிறுவனங்களின் நல்லுறவைப் பார்த்துவிட்டு வந்து தன் ஆலையிலும் உடனே அது வேண்டும் என்று கேட்கும் மேலாளர்கள் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள்.

2017-ல் இந்தியாவுக்கே திரும்பினேன், அதே ஆலைக்குத் தலைமைப் பொறுப்பில். வந்ததும் பழைய கோப்புகளைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. அப்போதைய தொழில் தகராறு சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி, 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் இரு தரப்பும் உட்காரும், தொழிலாளர் தரப்பு எண்ணிக்கையில் நிர்வாகத்துக்குக் குறையாத பணிக்குழு அமைக்க அரசு உத்தரவிட முடிந்தது. 1947 முதல் சட்டத்தில் இருந்தது. எங்கள் ஆலைக்கும் உத்தரவு வந்திருந்தது. கோப்பில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் குறிப்பு இருந்தது, கையெழுத்துகள் இருந்தன. கூட்டம்தான் நடந்ததே இல்லை. அமெரிக்காவில் நான் சட்டத்தை மீறாமல் தப்பிய காரியம், ஜெர்மனியில் என்னை வழிக்குக் கொண்டுவந்த காரியம், இங்கே என் அலமாரியிலேயே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. 11 ஆண்டுகள் அதே கட்டடத்தில் இருந்தும் நான் அதைத் திறந்து பார்க்கவில்லை.

தொழிலாளர் தரப்பு ஆட்களை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று சொல்லி, மாதம் ஒரு தேதி குறித்தோம். மன்றத்துக்கு ஜெர்மனியில் காட்டியதுபோல அடுத்த மூன்று மாத ஆர்டர் நிலவரத்தை முதலில் வைப்பேன். முதல் கூட்டத்தில் சங்கச் செயலாளர் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதுல நாங்க எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

"எங்கயும் வேண்டாம் தலைவரே. பாருங்க, அவ்வளவுதான்."

நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இரண்டாவது, மூன்றாவது கூட்டங்களில் அவர் தரப்பில் யாரும் வாயே திறக்கவில்லை. தாளைப் பார்ப்பார்கள், டீ குடிப்பார்கள், போய்விடுவார்கள். நான்காவது மாதம் செயலாளர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். அதில் ஏழு பெயர்களும், ஒரு தேதியும், பக்கத்தில் 6.09, 6.11 என்று நேரங்களும் எழுதியிருந்தன. வருகைப் பதிவு இயந்திரத்தை நான் இல்லாத காலத்தில் மாற்றியிருந்தார்கள், அரை மணிக் கணக்கை மட்டும் யாரும் மாற்றவில்லை. சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு சம்பளப் பிரிவுக்கு அங்கிருந்தே போன் செய்தேன். செயலாளர் இன்னொரு டீ கேட்டார்.